மூன்றாம் வகை வாக்கியம்

1

எனக்கு வயது அறுபத்தொன்பது. பெற்றது இரண்டு, வளர்த்தது மூன்று. மூத்தவள் செல்வி ஆம்பூரில் இருக்கிறாள். இளையவன் சேகர் இங்கே அமெரிக்காவில், ஒஹாயோ என்கிற மாநிலத்தில், கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். மூன்றாவது சேகரின் மகள் மித்ரா. அவளைப் பெற்றவள் என் மருமகள்தான். ஆனால் அவளுடைய ஆறு வயதிலிருந்து தலை பின்னி, சோறு ஊட்டி, பள்ளிக்கூட வண்டியில் ஏற்றி அனுப்பியவள் நான். அதனால் யார் கேட்டாலும் மூன்று என்றுதான் சொல்வேன். மருமகளுக்கு இதில் வருத்தம் கிடையாது.

நான் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைக்கும். பிறகு ஷூ கம்பெனியில் இருந்தபோது, சாயங்கால முதியோர் வகுப்பில் விட்டுப்போன எழுத்தைத் திரும்பப் பிடித்தேன். முப்பது வருஷம் ஆம்பூரில் ஷூவின் மேல்தோல் தைக்கிற லைனில் வேலை. கடைசி எட்டு வருஷம் அந்த லைனுக்கு நான்தான் சூப்பர்வைசர். நாற்பது பெண்கள் என் சொல்லுக்கு மிஷினை நிறுத்துவார்கள், ஓட்டுவார்கள். பெருமைக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இங்கே வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஊரில் இருப்பவர்கள் போனில் கேட்பது குளிரைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும்தான். குளிர் இருக்கிறது, பழகிவிட்டது. சாப்பாட்டை நான்தான் சமைக்கிறேன், அதனால் குறையில்லை. எனக்குக் கஷ்டமாக இருந்தது வேறு. இங்கிலீஷில் ‘இஃப்’ என்று ஒரு சின்னச் சொல் இருக்கிறது. நம் ஊரில் ‘மழை வந்தால்’, ‘பஸ் வந்தால்’ என்கிறோமே, அந்த ‘ஆல்’தான் அது. அந்தச் சொல்லால் நான் ஒரு பரீட்சையில் தோற்றேன். அதைப் படிக்கப் போன இடத்தில், முப்பது வருஷமாகச் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்ல வேண்டியதாயிற்று.

2

போன வருஷம் செல்வியின் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் இருபது நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்களுக்கு ஒரே பெண், கலவை என்கிற ஊரில் கட்டிக்கொடுத்தாயிற்று, கைக்குழந்தைக்காரி. செல்வி ஷூ கம்பெனிக்குப் போனால்தான் அடுப்பு எரியும். கேள்விப்பட்ட வாரமே நான் விமானம் ஏறினேன்.

காலையில் அவள் கம்பெனி வண்டிக்கு ஓடுவாள். நான் மாப்பிள்ளையைக் குளிப்பாட்டி, கஞ்சி கொடுத்து, டாக்டர் சொன்னபடி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டுவேன். ஐந்தாவது மாதம் அவர் கட்டைவிரல் லேசாக அசைந்தது. அன்றைக்குத்தான் சேகர் போன் செய்தான்.

“மா, ஆறு மாசம் தாண்டக் கூடாது மா. க்ரீன் கார்டு பேஜார் ஆய்டும்.”

“மாப்பிள்ளைக்குக் கை வர்ற வரைக்கும் இருந்துட்டு வர்றேன்டா.”

“கைக்குத் தேதி கெடயாது மா. கார்டுக்குத் தேதி இருக்குது.”

நான் புறப்பட்டபோது செல்வி மாப்பிள்ளையின் தலைமாட்டில் நின்றுகொண்டு, “போய்ச் சேந்ததும் போன் பண்ணு” என்றாள். அவ்வளவுதான். விமான நிலையத்தில் இறங்கியதும் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அதிகாரி கேட்டார்: “நீங்கள் வசிப்பது இங்கேயா, அங்கேயா?” எனக்குக் கேள்வி புரிந்தது. பதில்தான் தெரியவில்லை. சேகர் சொல்லிக் கொடுத்திருந்தபடி, “இங்கே” என்றேன்.

அதற்குப் பிறகுதான் குடியுரிமைக்கு எழுதிப் போட்டோம். கார்டுக்காரிக்குத்தான் இந்த ஆறு மாதக் கெடு. குடியுரிமை வாங்கிவிட்டால் எத்தனை மாதம் வேண்டுமானாலும் செல்வியோடு இருக்கலாம். இந்த நாட்டுக்காரி ஆனால்தான் என் ஊரில் இருக்க முடியும். அப்புறம் என் ஊருக்குள் போக நம் நாட்டுக்காரர்களிடம் தனியாக ஓர் அட்டை வாங்க வேண்டுமாம். இதைக் கேட்டு நான் சிரித்தேன். சேகருக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் எல்லாப் படிவத்தையும் நிரப்புகிறவன் அவன்தான்.

3

பரீட்சை என்றால் ஓர் அதிகாரி முன்னால் உட்கார்ந்து இங்கிலீஷில் பதில் சொல்வது. வயதானவர்கள் தாய்மொழியிலேயே பதில் சொல்லச் சலுகை இருக்கிறது, ஆனால் அதற்கு இன்னும் பல வருஷம் இந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும். மித்ராதான் எனக்கு வாத்தியார். ஆறு மாதம் உருப்போட்டேன். கொடியில் எத்தனை நட்சத்திரம், முதல் ஜனாதிபதி யார், எல்லாம் தலைகீழாகச் சொல்வேன்.

அன்று நல்ல பட்டுப்புடவை கட்டி, மேலே கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு போனேன். அதிகாரி நல்ல மாதிரி மனிதர். ஜெயிலுக்குப் போயிருக்கிறீர்களா என்றார். வேலூரில் ஜெயில் சுவரை பஸ்ஸில் இருந்து பார்த்திருக்கிறேன் என்று சொல்லத் தோன்றியது. இல்லை என்று மட்டும் சொன்னேன். பத்துக் கேள்விக்கு ஒன்பது சரி. பிறகு அவர் ஒரு தாளைப் பார்த்துக் கேட்டார்: “சட்டம் அப்படிக் கேட்டால், இந்த நாட்டுக்காக ஆயுதம் ஏந்துவீர்களா?”

இதையும் மித்ரா சொல்லிக் கொடுத்திருந்தாள். ‘எஸ்’ என்று சொல், ஆயா, அவ்வளவுதான் என்றிருந்தாள். ஆனால் அங்கே உட்கார்ந்து கேட்டபோது வார்த்தை வேறு மாதிரி விழுந்தது. அன்று வெள்ளிக்கிழமை. கதவுக்கு வெளியே என் மகனும் பதினைந்து வயதுப் பேத்தியும் உட்கார்ந்திருந்தார்கள். இந்த மனிதர் சண்டை வந்தால் என்கிறார்.

நம் வீடுகளில் உப்புத் தீர்ந்தது என்று சொல்ல மாட்டோம், உப்பு வாங்கணும் என்போம். கிளம்பும்போது போறேன் என்று சொல்ல மாட்டோம், வர்றேன் என்போம். கெட்டதை ‘வந்தால்’ என்று சொன்னாலே அதை வா என்று கூப்பிட்ட மாதிரி. மேலே போகிற தேவர்கள் அப்படியே ஆகட்டும் என்று சொல்லிவிடுவார்கள் என்று என் மாமியார் எங்கள் வாயைப் பொத்துவார். அந்தப் பழக்கம் எனக்கு எலும்பில் இருக்கிறது.

“நோ வார், சார்” என்றேன். “டோன்ட் சே.”

அவர் சிரித்தார். சும்மா வைத்துக்கொள்ளுங்கள், ஒருவேளை வந்தால் என்றார். “நோ கம், சார்” என்றேன். மூன்றாம் தடவையும் கேட்டார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் பேனாவை எடுத்து எழுதினார். அவர் கொடுத்த தாளில், கேள்வி எனக்குப் புரியவில்லை என்று எழுதியிருந்தது. இன்னொரு தடவை வரச் சொல்லிக் கடிதம் அனுப்புவார்களாம். அதிலும் தோற்றால் முதலிலிருந்து எழுதிப் போட வேண்டும்.

காரில் சேகர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தான்.

“ஆமான்னு ஒரு வார்த்த மா. ஒரே வார்த்த.”

“வெள்ளிக்கிழமயும் அதுவுமா சண்ட வந்தான்னு கேக்கறாரு. வரட்டும்னு சொல்லச் சொல்றியா?”

“அவரு வரும்னா சொன்னாரு? வந்தான்னு தான கேட்டாரு?”

“அதத்தான்டா நானும் சொல்றேன்.”

மித்ரா பின்சீட்டில் இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவள் சிரிப்பது முழுக்க இங்கிலீஷில்தான். தமிழ் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் மட்டும். என்னிடம் பேசும்போது முதல் சொல் தமிழில் இருக்கும், மீதி வழியில் மாறிவிடும்.

கேள்வி புரியாதவள் என்று எழுதினாரே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. புரிந்ததால்தானே வாயைத் திறக்கவில்லை.

4

அடுத்த வாரமே பக்கத்து நூலகத்தில் நடக்கிற இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன். சொல்லிக் கொடுப்பவர் மார்த்தா, தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இஃப் மட்டும் படிக்க வந்தேன் என்றேன். அதுவே நாலு வகை, உட்காருங்கள் என்றார்.

பூஜ்யம் என்று ஒரு வகை. எப்போதும் நடப்பது. தண்ணீரைச் சூடாக்கினால் கொதிக்கும் என்று பலகையில் எழுதினார். நான் என் நோட்டில், ஊசி மழுங்கினால் தையல் தப்பும் என்று எழுதிக்கொண்டேன். முதல் வகை, நடக்கக்கூடியது. இன்றைக்கு லாரி வந்தால் ஓவர்டைம் இருக்கும். இரண்டாவது, நடக்காத ஒன்றைச் சும்மா நினைத்துப் பார்ப்பது. எனக்கு இறக்கை இருந்தால் ஆம்பூருக்குப் பறப்பேன். மூன்றாவது, நடந்து முடிந்ததை மாற்றி நினைப்பது. இப்படிச் செய்திருந்தால் அப்படி ஆகியிருக்கும் என்பது. நம் மொழியில் ஒரு ‘ஆல்’ எல்லாவற்றுக்கும் ஓடுகிறது. இவர்கள் ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு வைத்திருக்கிறார்கள், ஷூவுக்குச் சைஸ் அச்சு மாதிரி.

மார்த்தா ஒரு நாள், “உங்கள் வீடு தீப்பிடித்தால் முதலில் எதை எடுத்துக்கொண்டு ஓடுவீர்கள்?” என்று வரிசையாகக் கேட்டார். ஒரு பெண் பூனை என்றாள். கூரை வேலை செய்கிற குவாத்தமாலாக்காரர், “மாமியாரைத் தவிர எல்லாம்” என்றார். வகுப்பே சிரித்தது. என் முறை வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. மார்த்தா அவசரப்படுத்தவில்லை. அதிகாரி இன்னொரு தடவை கேட்பாரே, அப்போதும் இப்படித்தானா என்று மெதுவாகக் கேட்டார்.

அன்றைக்கு ஆம்பூரில் கைருன்னிசாவுக்குப் போன் செய்தேன். லைனில் இருபது வருஷம் எனக்கு அடுத்த மிஷின் அவளுடையது. இப்போது செல்விக்குப் பக்கத்து வீடு, பகலில் மாப்பிள்ளையை எட்டிப் பார்த்துக்கொள்கிறவளும் அவள்தான். தண்ணீர் குடிக்கப் போனாலும், “இதோ வர்றேன், இன்ஷா அல்லா” என்பாள். தண்ணி குடிக்கறதுக்கும் அல்லாவா என்று நாங்கள் கேலி செய்வோம். இறைவன் நினைத்தால் என்று அதற்கு அர்த்தம். நாங்கள் கெட்டதுக்கே ‘ஆல்’ சொல்லப் பயப்பட்டோம். அவள் நல்லதுக்கும் சொன்னாள்.

நடந்ததைக் கேட்டு அவள் இருமி இருமிச் சிரித்தாள்.

“ஏன் வள்ளி, சண்டைக்கு உன்னக் கூப்பிட்டா அந்த நாடு தோத்தா மாதிரிதான்.”

“வெளயாடாதடி. சொன்னா பலிச்சிடுமோன்னு நாக்கு வரல.”

“நீ சொல்லலன்னா நிக்கப் போவுதா? நீ இன்னா அவ்ளோ பெரிய ஆளா? கேட்டதுக்கு ஆமான்னு சொல்லு. சொல்லிட்டு மீதிய அவன் மேல போட்டுடு. நாங்க அதான செய்யறோம்.”

எனக்கு அது சரியாகப் பட்டது. நாற்பது பேரை மேய்த்தவளுக்கு, உலகத்தையும் நான்தான் வாயை மூடிக் காப்பாற்றுகிறேன் என்று ஒரு நினைப்பு இருந்திருக்கிறது.

5

மூன்றாவது வகை பரீட்சையில் வராது என்று மார்த்தா சொன்னார். இருந்தாலும் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். ‘நான் இப்படிச் செய்திருந்தால், இப்படி ஆகியிருக்கும்’ என்று நடுவில் கோடு விட்டிருந்தது. எல்லோரும் நிரப்பினார்கள். நல்ல ஏணி வாங்கியிருந்தால் என் கால் நேராக இருந்திருக்கும் என்று குவாத்தமாலாக்காரர் படித்துக் காட்டினார். நான் தாளை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். கோட்டில் போட என்னிடம் ஒரே வாக்கியம்தான் இருந்தது.

செல்வி பத்தாம் வகுப்பில் நானூற்று முப்பத்தொரு மார்க்கு. அவள் அப்பா அதற்கு ஏழு வருஷம் முன்பே காய்ச்சலில் போய்விட்டார். அவளுடைய டீச்சர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார். பிளஸ் டூ சேருங்கள், இவள் டீச்சராக வருவாள் என்றார். பார்க்கலாம் டீச்சர் என்றேன், பார்க்கவில்லை. வீட்டிலேயே மேல்தோல் பின்னுகிற வேலையில் செல்வியை உட்கார வைத்தேன். வெட்டின தோலை மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார்கள், இரண்டு ஊசியும் மெழுகு நூலும் வைத்துக் கையால் பின்ன வேண்டும். பதினெட்டு ஆனதும் கம்பெனியில் சேர்த்தேன். சேகர் படிக்கட்டும் என்று நான் முடிவு செய்தேன். நான் மட்டும்தான் முடிவு செய்தேன்.

சேகர் பாடத்தைச் சத்தமாகப் படிப்பான். அவள் ஊசியை வாயில் கடித்துக்கொண்டு, பின்னுவதை நிறுத்தாமல், அவன் தப்பாகப் படித்ததைத் திருத்துவாள். விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். இங்கிலீஷ் அவனுக்கு வந்தது அப்படித்தான்.

செய்தது சரி என்றே எல்லோரிடமும் சொன்னேன். அவன் இன்ஜினியர் ஆனதும் அந்தச் சரி கெட்டியானது. அமெரிக்கா வந்ததும் இன்னும் கெட்டியானது. என்னைக் கேள்வி கேட்க யாரும் இல்லை. செல்வி கேட்டதில்லை.

6

இரண்டாம் தடவை ஒரு பெண் அதிகாரி. மற்றதெல்லாம் சுலபமாகப் போயிற்று. அந்தக் கேள்வி வந்தது. சட்டம் கேட்டால் ஆயுதம் ஏந்துவீர்களா? கேள்விக்கு ஆமாம் என்றேன். பிறகு, என் இங்கிலீஷில், “காட் வில்லிங், நோ வார்” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். நானும் அப்படித்தான் நம்புகிறேன் என்றார். முத்திரை விழுந்தது. குடியுரிமைச் சத்தியம் செய்ய அடுத்த மாதம் ஒரு நாள் குறித்து, கடிதத்தை அங்கேயே கையில் கொடுத்தார்.

வெளியே மித்ரா என்னைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். சேகர், “அப்பாடா” என்றான். செல்விக்கு நானே சொல்கிறேன் என்றேன்.

7

மறுநாள் காலை போன் செய்தேன். அங்கே சாயங்காலம், அவள் கம்பெனியிலிருந்து வந்து காய் அரிந்துகொண்டிருந்தாள். பாஸ் என்றதும் மாப்பிள்ளையிடம் கத்திச் சொன்னாள். அவர் வாய் குழற ஏதோ சொன்னது கேட்டது.

“எப்போ மா வர்ற?”

“அடுத்த மாசம் சத்தியம். அட்டயெல்லாம் வாங்கிக்கினு வர்றேன். இந்தத் தடவ தேதி கெடயாது.”

“சரி. வா.”

அவள் வைத்துவிடுவாள் என்று தோன்றியது. கைப்பையில் அந்தத் தாள் இருந்தது. நான் எடுக்கவில்லை, வாக்கியம் மனப்பாடம்தான்.

“செல்வி, உன்னப் படிக்க வெச்சிருந்தா நீ டீச்சரா ஆகியிருப்ப. நான்தான் வைக்கல.”

காய் அரிகிற சத்தம் நின்றது. அவள் அழவில்லை. அவள் அழுகிறவள் அல்ல, என் வளர்ப்பு.

“இன்னா மா திடீர்னு?”

“கிளாஸ்ல குடுத்தாங்க. எழுதச் சொன்னாங்க.”

“முப்பது வருசம் கழிச்சு கிளாஸ்ல குடுத்தாத்தான் வருமா உனக்கு?” குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “ஆகியிருப்பேன் மா. இங்கிலீஷ் டீச்சர். நான் தெனம் அத நெனச்சிக்கினு இருக்கறேன்னு நெனச்சிடாத. வாரத்துக்கு ஒருநாள்தான்.”

காயை மறுபடி அரிந்துகொண்டே கேட்டாள்.

“தம்பிக்குத் தெரியுமா?”

“எது?”

“அவன் யாரு சம்பாத்தியத்துல படிச்சான்னு. எனக்குப் படிப்பு ஏறலன்னு தான அவன் பொண்டாட்டிகிட்ட சொல்லி வெச்சிருக்கறான். போன தடவ அவ என்கிட்டயே கேட்டா, ஏன் அண்ணி பத்தாவதோட நிறுத்திட்டீங்கன்னு.”

அது சேகர் கட்டின கதை இல்லை. அவன் சின்னவனாக இருந்தபோது, அக்கா ஏன் பள்ளிக்கூடம் வரவில்லை என்று கேட்டான். அக்காவுக்குப் படிப்பு ஏறலடா என்று நான்தான் சொன்னேன். அவன் பாடத்தைத் திருத்தினவள் அவளே என்றாலும், இன்றுவரை அதைத்தான் நம்புகிறான். இதையும் அவளிடம் சொன்னேன்.

கைருன்னிசா வந்து, மாப்பிள்ளை சாப்பிட்டாரா என்று விசாரித்தது தூரத்தில் கேட்டது.

“எனக்குச் சொன்னது போதும் மா,” என்றாள் செல்வி. “எனக்குத் தெரிஞ்சதத்தான சொன்ன. அங்க நடந்ததெல்லாம் நம்ம லைன் பொம்பளைங்களுக்கு எழுதப் போறேன்னு சொன்னியே, அதுல இதயும் எழுது. தெரியாதவன் படிக்கட்டும்.”

எழுத மூன்று வாரம் ஆயிற்று. என் கை மெதுவாகத்தான் ஓடும். லைனில் இருந்தவர்கள் எல்லோருக்கும் இது வரும், நம் பிள்ளைகள் யாராவது படித்துச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் இந்த வீட்டில் ஒருமுறை படிக்க வேண்டும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. சேகர் மேஜையில் காபி குடித்துக்கொண்டிருக்கிறான். மருமகள் தோசை ஊற்றுகிறாள். நான் நோட்டை மித்ராவிடம் கொடுத்தேன்.

“மொதல்லேர்ந்து படி கண்ணு. சத்தமா.”

“ஆயா, ஐ ரீட் சோ ஸ்லோ. அப்பாவப் படிக்கச் சொல்லு.”

“அவன் வேகமாப் படிச்சித் தாண்டிடுவான். நீ எழுத்துக் கூட்டியே படி. உங்கப்பா எங்கயும் போவல, ஒக்காந்து கேக்கட்டும்.”